இணைப்பு: இல்லை

குடையைப் பிடித்துக்கொண்டு இரும்பு மூடிகளை எண்ணினேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் ஒழுங்கை வாவியைப் பார்த்த மலைச்சரிவில் ஏறுகிறது. அடியில் நின்று பார்த்தால் கேற்றுகளின் முன்னால் புதிதாய்ப் பூசிய சிமெந்துச் சதுரங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கறுப்பு மூடி. பாதாளக் குழாய் வந்துவிட்டது என்பதற்கு அந்த மூடிதான் அத்தாட்சி. மூடி உள்ள வீட்டின் கழிவு குழாயில் இறங்கி, நகருக்கு வெளியே சுத்திகரிக்கும் இடத்துக்குப் போகும். மூடி இல்லாத வீட்டின் கழிவு இவ்வளவு காலமும் போன இடத்துக்கே போகும்.

பதினான்கு வீடுகள். எட்டு மூடிகள்.

என் வீட்டின் முன்னால் இல்லை. எனக்குக் கீழே இருக்கும் செல்வராணியின் வீட்டின் முன்னாலும் இல்லை. வேலையாட்கள் கயிற்றையும் தகரத்தையும் லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்துவிட்டதாம்.

வேலையாட்களை நடத்திய பாஸிடம் கேட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஈரமான தாள் ஒன்றை எடுத்து விரித்தார்.

"லிஸ்ட்ல உங்க நம்பர் இல்ல மாத்தயா. எனக்கு லிஸ்ட் மட்டும்தான் தெரியும்."

மாதக்கணக்கில் தோண்டியிருந்தார்கள். சேற்றில் வழுக்கி விழுந்தோம். புழுதியில் இருமினோம். ஓட்டோக்காரர்கள் ஒழுங்கைக்குள் வர மறுத்தார்கள். மலக்குழி தொலைந்து குழாய் வருகிறதே என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டோம். குழாய் வந்தது. என் கேற்றை உரசிக்கொண்டு மேலே போய்விட்டது.

மேல் வீடும் கீழ் வீடும்

கண்டியில் மலைச்சரிவில் குடியிருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சமதரையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

இங்கே மேலே போகப் போக வீட்டின் மதிப்பு ஏறும். வாவி தெரியும், காற்று வரும், வீட்டுக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம். ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் ஒரு குழி இருக்கும். கட்டும்போது கொங்கிறீட் போட்டுக் கட்டியதாகத்தான் எல்லோரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் மண்ணுக்குச் சத்தியம் தெரியாது. மழைக்காலத்தில் மேல் வீட்டுக் குழி கீழ் வீட்டுச் சுவரில் கசியும். கீழ் வீட்டுக் குழி அதற்கும் கீழே. கடைசியில் எல்லாம் தெருவோரக் கானில் சேர்ந்து வாவிக்குப் போகும். மாலையில் வாவியைச் சுற்றி நடந்து உடம்பைத் தேற்றிக்கொள்ளும் கனவான்கள் ஒரு குறிப்பிட்ட வளைவு வந்ததும் நடையை விரைவாக்கி மூக்கைத் தடவுவார்கள். அவர்களில் பாதிப்பேர் முகர்வது அவர்களுடைய சொந்தப் பொருளைத்தான்.

பிரித் ஓதும் வீடு, பூசை வைக்கும் வீடு, தொழுகிற வீடு என்று எங்கள் ஒழுங்கையில் எல்லாம் உண்டு. நிலத்துக்குக் கீழே மட்டும் நாங்கள் பல வருடங்களாக ஒரே குடும்பம்.

எங்கள் குழிக்கு நேர் கீழேதான் செல்வராணியின் அடுப்பங்கரை.

பதினான்கு நாள்

செல்வராணி புசல்லாவைப் பக்கத்திலிருந்து வந்தவள். மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கடைகளுக்கும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கும் கொடுக்கிறாள். விடியுமுன் அவள் வீட்டிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை மேலே ஏறி வரும். எங்கள் வீட்டிலிருந்து கீழே இறங்கிப் போவது என்ன என்பதை மேலே எழுதிவிட்டேன்.

மூடிகளை எண்ணிய அன்று மாலை அவள் வந்தாள். உட்காரச் சொன்னேன். கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள்.

"சேர், பி.எச்.ஐ. மாத்தயா வந்துட்டுப் போறாரு. பதினாலு நாளுன்னு எழுதிக் குடுத்துருக்காரு. அதுக்குள்ள கசிவு நிக்கணுமாம். இல்லாட்டி அடுப்பு பத்த வைக்கக் கூடாதாம்."

"சமையலில் குறை சொன்னாரா?"

"என் கறிய யாரு சேர் குறை சொல்றது? சொதிய மோந்து பாத்து நல்லாருக்குன்னுதான் சொன்னாரு. அப்புறம் அடுப்புக்குப் பின்னால செவத்தத் தடவிப் பாத்தாரு. கைய மோந்தாரு. எழுதிட்டாரு."

அந்தச் சுவரில் கசிவது யாருடைய குழி என்று சுகாதாரப் பரிசோதகரும் எழுதவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் பத்திரிகையில் ஏதோ தேடுவதுபோல் தாளைப் புரட்டினேன்.

"குழாய் வந்துட்டா சரியாயிடும்னுதானே சேர் இருந்தேன். நம்ம ரெண்டு வீட்டுக்கும் ஏன் மூடி வைக்கல?"

ஆறு வீடுகளின் ஒற்றுமை

அதைத்தான் நானும் இரவெல்லாம் யோசித்தேன். காலையில் ஒழுங்கையில் மறுபடி ஏறி இறங்கி, மூடி இல்லாத ஆறு வீடுகளையும் ஒரு தாளில் எழுதினேன். எழுதி முடித்துப் பெயர்களை மறுபடி வாசித்தேன். ஆறும் தமிழ் வீடுகள்.

நான் அமைதியான ஆள் இல்லை. வாரா வாரம் இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு அது தெரிந்திருக்கும். இந்த நாட்டில் இந்த வயதுவரை வாழ்ந்த தமிழன் ஒருவன் அப்படி ஒரு பட்டியலைப் பார்த்தால் என்ன நினைப்பானோ அதையே நானும் நினைத்தேன். ஆனால் பழக்கதோஷம், ஒரு சாட்சியையும் விசாரித்துவிடுவோம் என்று நஸீர் நானாவின் கேற்றைத் தட்டினேன். அலவத்துகொடையிலிருந்து வந்து பலசரக்குக் கடை வைத்திருப்பவர். தமிழ் பேசுகிறவர். ஆனால் அவர் கேற்றின் முன்னால் மூடி பளபளத்துக்கொண்டிருந்தது.

"நானா, உங்களுக்கு எப்படி மூடி வந்தது?"

"போம் குடுத்தேன், வந்திச்சு. நீங்க குடுக்கல்லியா சேர்?"

"கொடுத்தோம். எல்லோரும் கொடுத்தோம். நீங்கள் கொடுத்தது எந்த மொழிப் படிவம்?"

"சிங்களத்துலதான். தமிழ் போம் முடிஞ்சிட்டுன்னாங்க. நல்லதாப் போச்சுன்னு சிங்களத்துலயே போட்டேன்."

போதும் என்று நினைத்தேன். தமிழ்ப் படிவத்தில் விண்ணப்பித்தவனுக்குக் குழாய் இல்லை. இதைவிடத் தெளிவாக ஓர் அநியாயத்துக்கு அத்தாட்சி கிடைக்காது. இஸ்திரி போட்ட சட்டையை அணிந்துகொண்டு, மேன்முறையீட்டுக்கு வேண்டிய வாசகங்களை மனதில் அடுக்கியபடி கழிவுக் குழாய்த் திட்டக் கந்தோருக்குப் போனேன்.

அத்சன

புதியவர்களுக்கு ஒரு வரி: நான் முப்பது வருடங்களுக்கு மேல் அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். கந்தோர் ஒன்றில் எந்த மேசையில் என்ன கேட்க வேண்டும், எந்தப் பதிலை எழுத்தில் கேட்க வேண்டும், யார் தேநீர் குடிக்கும்போது போகக்கூடாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

பொறுப்பான உத்தியோகத்தர் இளைஞர். மரியாதையானவர். கோப்புகளை ஒழுங்காக வைத்திருந்தார். அது என் கோபத்தை இன்னும் கூட்டியது. ஒழுங்கீனமான கந்தோரோடு சண்டை போடுவது எளிது.

நான் பேசி முடிக்கும்வரை கேட்டார். பிறகு சிங்களத்தில் சொன்னார்: "மாத்தயா, இந்த ஆறு வீடுகளும் எழுத்து மூலம் மறுத்திருக்கின்றன."

"யார் மறுத்தது?"

ஆறு படிவங்களை என் முன்னால் அடுக்கினார். எல்லாம் எங்கள் படிவங்கள். பெயர், விலாசம், வீட்டில் எத்தனை பேர், குழி எந்தப் பக்கம். கீழே, கையெழுத்துக்குச் சற்று மேலே, கடைசி வரி:

இணைப்பு: ............

ஆறு படிவங்களிலும் அந்தப் புள்ளிகளின் மேல் ஒரே சொல் எழுதியிருந்தது. இல்லை.

ஐந்து வெவ்வேறு கையெழுத்துகள். ஆறாவது என்னுடையது. நான் வழக்கம்போல் அடிக்கோடும் இட்டிருந்தேன்.

உத்தியோகத்தர் விரல் நுனியால் தட்டினார். "அத்சன. உங்களுடைய கையெழுத்துத்தானே?"

சிங்களப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதே இடத்தில், உங்கள் வீட்டுக்குக் கழிவுக் குழாய் பொருத்த வேண்டுமா வேண்டாமா என்று முழு வசனமாகக் கேட்டிருந்தது. தமிழில் அந்த வசனம் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியிருந்தது.

அரசாங்கக் கடிதத்தின் அடியில் "இணைப்பு" என்று இருந்தால், இத்துடன் வேறு தாள்கள் வைத்திருக்கிறீர்களா என்று அர்த்தம். தமிழில் அரசாங்கத்தோடு கடிதம் எழுதிப் பழகிய எவனும் அப்படித்தான் வாசிப்பான். நாங்கள் வேறு தாள் ஒன்றும் வைக்கவில்லை. ஆகவே இல்லை என்று எழுதினோம்.

அந்த ஐந்து பேருக்கும் அப்படி எழுதச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். வருடக்கணக்காக ஒழுங்கையில் எல்லோருடைய படிவங்களும் என் மேசைக்கு வரும். ஒவ்வொருவருக்கும் சொல்வேன்: "இணைப்பு என்று இருந்தால், ஒன்றும் வைக்காவிட்டால், 'இல்லை' என்று எழுதுங்கள். வெறுமையாக விடாதீர்கள். வெறுமையான இடத்தில் அரசாங்கம் தனக்குப் பிடித்ததை எழுதிக்கொள்ளும்."

நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எவரும் வெறுமையாக விடவில்லை.

"இதைத் தமிழில் போட்டது யார்?" என்று கேட்டேன். என் குரல் அடுத்த அறைக்குக் கேட்டிருக்கும்.

"தமிழ் மொழிபெயர்ப்பாளர் பதவி வெற்றிடம், மாத்தயா. சொற்கோவையைப் பார்த்துப் போட்டோம்." எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து, முதுகு கிழிந்த ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

அட்டையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே தொகுத்தோர் பட்டியலில் மூன்றாவது பெயர் என்னுடையது.

ஒரு சிரிப்பு

அந்தச் சொற்கோவையைத் தயாரித்த நாட்களில் நான் இளைஞன். பெரிய மேசை, சுற்றிவரப் பத்துப் பன்னிரண்டு பேர், நடுவில் பிஸ்கட் தட்டு. கந்தோர்களில் புழங்கும் சொற்களுக்கு ஒரே தமிழ் வைக்க வேண்டும் என்று எங்களைக் கூட்டியிருந்தார்கள்.

"இத்துடன் இணைக்கப்பட்டுள்ள ஆவணங்கள்" என்று ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் தட்டச்சு செய்து விரல் ஓய்ந்திருந்த காலம். அதை "இணைப்பு" என்று வெட்டியவன் நான். எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

மின்சாரம், தண்ணீர் இவற்றுக்கும் சொல் வேண்டியிருந்தது. அதற்கும் இணைப்பு என்றே வைக்கலாம் என்றேன். அப்போது மேசையின் கடைசியில் இருந்த ஒருவர் கையை உயர்த்தினார். நீர்க்குழாய்ப் பகுதியிலிருந்து வந்த படவரைஞர், யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர்.

"ரெண்டுக்கும் ஒரே சொல்லு வச்சா ஒரு நாளைக்குச் சிக்கல் வரும். குழாய்க்குத் 'தொடுப்பு' எண்டு வைப்பம்."

நான் கதிரையில் சாய்ந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்: "அப்போ ஒரு குடும்பஸ்தனிடம் போய், 'ஐயா, உங்களுக்குத் தொடுப்பு உண்டா' என்று அரசாங்கம் கேட்கப்போகிறதா?"

பேச்சுத் தமிழில் தொடுப்பு என்றால் மனைவிக்குத் தெரியாமல் வைத்திருக்கும் உறவு. மேசையே குலுங்கியது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த ஒரு வாரத்துக்கு யாரைக் கண்டாலும் "தொடுப்பு எப்படி?" என்றுதான் விசாரிப்பு. அந்த மனிதர் கையைக் கீழே இறக்கினார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டங்களில் அவர் வாய் திறந்ததாக ஞாபகம் இல்லை.

அவர் பெயரை எவ்வளவு யோசித்தும் வரவில்லை. புத்தகத்திலும் இல்லை. ஏற்றுக்கொண்ட சொற்களைத் தந்தவர்களின் பெயர்கள்தான் அதில் இருக்கின்றன.

இரண்டு வழிகள்

உத்தியோகத்தர் ஒரு வழி சொன்னார். "தவறாக நிரப்பிவிட்டோம் என்று விண்ணப்பதாரர்கள் கடிதம் தரட்டும். அடுத்த கட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்."

"அடுத்த கட்டம் எப்போது?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். செல்வராணிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

இன்னொரு வழி உண்டு. அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது என்று நினைத்திருக்கலாம். படிவமே பிழையானால், அந்தப் படிவத்தைக்கொண்டு எடுத்த முடிவு செல்லாது. அதே கட்டத்தில், வேலையை மூடுவதற்கு முன்னால், திருத்தியே ஆக வேண்டும். அதற்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர், இந்தச் சொல் இந்த இடத்தில் பிழை என்று கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பதிவு என்னிடம் இன்னும் இருக்கிறது. அதாவது, என் சொல் பிழை என்று நானே சான்றிதழ் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து என் மனைவி தவமணியிடம் கத்தினேன். அவள் ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணத்துக்காரி. வசனத்தையே வெட்டித் தள்ளிய கந்தோர், வெற்றிடத்தை நிரப்பாத அரசாங்கம், கிழிந்த புத்தகத்தை இன்னும் அலுமாரியில் வைத்திருக்கும் மூடர்கள் என்று எல்லோரையும் திட்டி முடித்தேன். அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இஞ்சாருங்கோ, அந்தப் புத்தகத்தை எழுதினது ஆர்?"

"நான் மட்டும் இல்லை. பன்னிரண்டு பேர்."

"அந்தச் சொல்லை வச்சது?"

நான் கீரைக்காம்பு ஒன்றை எடுத்து ஒடித்தேன்.

"அப்ப கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு மேன்முறையீடு செய்யுங்கோ. கந்தோருக்குப் பிறகு போகலாம்."

செல்வராணியிடமும் சொல்லத்தான் வேண்டும். கீழே இறங்கிப் போனேன். அத்தனை வருடத்தில் அவள் அடுப்பங்கரைக்குள் நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை. சுவரில் பாய் அகலத்துக்கு ஈரம் படர்ந்திருந்தது. அவள் சாம்பிராணி கொளுத்தி வைத்திருந்தாள். அதையும் மீறி நாறியது. அந்த நாற்றத்தில் நானும் தவமணியும் இருந்தோம்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதானே சேர் எழுதுனேன். நீங்க போடுற மாதிரி கோடு போடணும்னு கூட நெனச்சேன். அப்புறம் நமக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"தெரியும்."

"அப்ப இந்த ஒத்த சொல்லாலதான் ஒங்க வீட்டுத் தண்ணி என் செவத்துல எறங்குதா?"

"ஆமாம்" என்றேன்.

எங்கள் வீட்டுத் தண்ணீர் என்று அவள் சொன்னது அன்றுதான்.

சான்றிதழை எழுதினேன். அரசாங்கச் சேவையில் எத்தனை ஆயிரம் பக்கம் எழுதியிருப்பேனோ தெரியாது, இரண்டு பக்கத்துக்கு இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. இந்தச் சொல்லை இரு பொருளில் வைத்தது தொகுத்தோரின் பிழை என்றும், அப்போதே ஒருவர் எச்சரித்தார் என்றும், அதை நிராகரித்ததில் என் பங்கு என்ன என்றும் எழுதினேன். அடியில் "இத்துடன் இணைக்கப்பட்டுள்ள ஆவணங்கள்: ஆறு படிவங்கள்" என்று நீட்டி எழுதினேன்.

கவுண்டரில்

இப்போது எங்கள் ஒழுங்கையில் பதினான்கு மூடிகள் இருக்கின்றன. ஆறு புதியவை, இன்னும் சிமெந்தின் நிறம் மாறவில்லை. பதின்மூன்றாம் நாள் செல்வராணியின் குழியை பவுசர் லொறி கொண்டுவந்து உறிஞ்சி மூடினார்கள், அதே நாளில் எங்களுடையதையும். சுவர் காய இன்னும் நாளாகும். பி.எச்.ஐ. வந்து பார்த்து அடுப்புக்கு அனுமதி எழுதினார், ஒரு பார்சலும் வாங்கிப் போனாராம்.

ஆனால் நான் எழுத நினைத்தது அதற்கு இரண்டு நாள் முன்பு கவுண்டரில் நடந்ததைப் பற்றி.

சான்றிதழை ஏற்றுக்கொண்டு, ஆறு பேரையும் புதிய படிவம் நிரப்பக் கூப்பிட்டிருந்தார்கள். போனால் கவுண்டரில் அதே படிவத்தைத் தந்தார்கள். அதே புள்ளிகள், அதே சொல். கேட்டதற்கு, திருத்திய படிவத்தை அச்சடிக்க அனுமதி இன்னும் வரவில்லை என்றார்கள். பிழை என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட படிவத்தையே திரும்ப நீட்டுகிறார்கள். தனியாக வந்திருந்தால் அந்த நிமிடமே பேனையை மூடிவிட்டு வெளியே போயிருப்பேன். செல்வராணி பக்கத்தில் நின்றாள். அவளுக்கு அது பதினோராம் நாள்.

"சேர், இப்ப இதுல என்ன எழுதுறது? இல்லன்னு எழுதுனா இல்லையா? இருக்குன்னு எழுதுனா என்னத்த இருக்குன்னு கேப்பாங்களா?"

படிவத்தை வாங்கினேன். "இணைப்பு" என்பதன் மேல் குறுக்கே கோடு இழுத்தேன். பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்: தொடுப்பு – வேண்டும்.

ஆறிலும் அப்படியே எழுதினேன்.

கந்தோரில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான், தெல்தெனியவிலிருந்து வரும் இளம் எழுதுவினைஞர். முதல் படிவத்தை எடுத்தாள். வாசித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவதை எடுத்ததும் தோள் குலுங்கியது. என் வெள்ளைத் தலையைப் பார்த்தாள், மறுபடி படிவத்தைப் பார்த்தாள், மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். உத்தியோகத்தர் என்ன என்று கேட்டார். "ஒன்றுமில்லை சேர், குழாய் வேண்டுமாம்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள்.

அவள் சிரித்து முடியும்வரை நான் கவுண்டரில் நின்றேன். கோபம் வந்தது. ஆனால் அவள்மேல் இல்லை.

"ஏன் சேர் அந்தப் புள்ள சிரிக்குது?" என்றாள் செல்வராணி.

"அந்தச் சொல்லுக்கு இன்னோர் அர்த்தம் இருக்கிறது."

"சிரிச்சா சிரிக்கட்டும். வேணும்னு எழுதிட்டீங்களா?"

"எழுதிவிட்டேன். இங்கே கையெழுத்து வையுங்கள்."

அவள் பேனையை வாங்கவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு வெளிச்சமான ஜன்னல் பக்கம் போனாள். பெயரிலிருந்து தொடங்கி, விரலை வைத்து, உதடு அசைய, கடைசி வரிவரை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள். எத்தனையோ வருடமாக அவளுக்குச் சில படிவங்களைச் சொல்லிக்கொடுத்தும் பலவற்றை நானே நிரப்பியும் கொடுத்திருக்கிறேன். நான் நிரப்பிய தாளை அவள் தானே வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தது அன்றுதான்.